அடுப்படியில் தொடங்கும் அமானிதம்



பெரம்பலூர், அரியலூர் என்றதும் நம் நினைவுக்கு வருபவை மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் சுண்ணாம்புக்கல்லும்தாம். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்நிலப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த சிற்றுயிர்களின் ஓடுகளும் சிப்பிகளும் படிந்து படிந்து பாறையாயின. அப்பாறையைத்தான் இன்று வெட்டியெடுத்துச் சிமெண்ட் ஆக்குகிறோம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், கல்லாகிப்போன 18 மீட்டர் நீளமுள்ள மரத்தை இன்றும் காணலாம். எல்லாம் வல்ல அல்லாஹுதஆலாவின் படைப்பில் வீணென்று ஒன்றுமில்லை என்பதற்கு நம் காலடி மண்ணே சான்று பகர்கிறது. அன்றைய கடலின் கழிவே இன்று நம் வீட்டுச் சுவராக நிற்கிறது.

அதே மண்ணை நோக்கி, அண்மை ஆண்டுகளில் மற்றொரு சரக்கும் லாரிகளில் வரத் தொடங்கியுள்ளது. அது குப்பை. சென்னைப் பெருங்குடியிலும் திருச்சி அரியமங்கலத்திலும் ஆண்டாண்டுக் காலமாய்க் குவிந்து கிடந்த குப்பை மேடுகளை அகழ்ந்து, சலித்து, மண்ணையும் கல்லையும் நீக்கியபின், எஞ்சிய பிளாஸ்டிக், துணி, காகிதம் போன்ற எரியத்தக்க பொருட்கள் அரியலூர் வட்டாரச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பப்பட்டன. ஏறத்தாழ 260 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தலைநகரத்து வீடுகள் வேண்டாமென்று வீசியெறிந்த பொருள், நம் மாவட்டத்துச் சூளையில் நெருப்பாகிறது! இதனை வெறும் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாமா? நம் வீட்டுக் குப்பைக் கூடைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அதைத்தான் தங்களோடு கலந்து சிந்திக்க விழைகிறேன்.

குப்பை மேடு எனும் ஆபத்து

குப்பைத் தொட்டியில் போட்டதோடு குப்பை மறைந்துவிடுவதில்லை. அது இடம் மாறுகிறது, அவ்வளவே. ஊருக்கு வெளியே ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ அது குவிகிறது. சோறும் காய்கறித் தோலும் இறைச்சிக் கழிவும் காற்றுப் புகாத அக்குவியலின் அடியில் அழுகும்போது மீத்தேன் எனும் வாயு பிறக்கிறது. பூமியைச் சூடேற்றுவதில் அவ்வாயு, நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு வலிமை கொண்டது என்று அறிவியலார் கணக்கிட்டுள்ளனர். எளிதில் தீப்பற்றக்கூடியதும் ஆகும்.

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொச்சி நகரின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. தீயையும் புகையையும் அடக்கப் பன்னிரண்டு நாட்கள் அளவில் பிடித்தன. நகர மக்கள் வீட்டுக் கதவுகளை அடைத்துக்கொண்டு அடைந்து கிடந்தனர். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், இலங்கைக் கொழும்பின் மீத்தொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து, அடிவாரத்து வீடுகளை மூடிற்று. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சித்திரைப் புத்தாண்டு நாளில், தம் வீட்டில் நிம்மதியாக இருந்தவர்களை, பிறர் வீசிய குப்பை கொன்றது. வீசியவர்களுள் ஒருவரையும் சட்டம் பெயர் சொல்லி அழைக்க இயலாது. ஆனால், அணுவளவுச் செயலும் எடுத்துக் காட்டப்படும் ஒரு நாள் உண்டென்று நம்புகிறவர்கள் அல்லவா நாம்?

இயந்திரமும் நுண்ணுயிரும்

இக்குப்பையிலிருந்து ஆற்றலை மீட்க வழியுண்டா? உண்டு. இயந்திரத்தின் வேலையையும் நுண்ணுயிர்களின் வேலையையும் இணைத்து அமைக்கும் ஒரு முறை ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி ஆகிய நாடுகளில் வளர்ந்தது. பக்குவப்படுத்தாத வீட்டுக் குப்பையை நேரே மண்ணில் கொட்டுவதை ஜெர்மனி 2005-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தடை செய்தது. அதன் பின்னர் இம்முறை அங்கே இன்றியமையாததாயிற்று.

முதலில் இயந்திரத்தின் வேலை. குப்பைப் பைகள் கிழிக்கப்படுகின்றன. துளைகள் கொண்ட பெரிய உருளை சுழன்று சலிக்கிறது. நம் வீட்டுச் சல்லடை தவிட்டையும் மாவையும் பிரிப்பதுபோல், சிறியதும் ஈரமானதும் கீழே விழ, பெரியதும் உலர்ந்ததும் மேலே தங்குகின்றன. காந்தம் இரும்பை இழுத்துக்கொள்கிறது. களத்து மேட்டில் நெல்லைத் தூற்றுவதுபோல் காற்று வீசப்பட, காகிதமும் பிளாஸ்டிக் தாளும் பறந்து ஒருபுறம் சேர்கின்றன. கல்லும் கண்ணாடியும் மறுபுறம் வீழ்கின்றன.

அடுத்து நுண்ணுயிர்களின் வேலை. ஈரக்கழிவைக் காற்றுப் புகாத பெருங்கலத்தில் இட்டால், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதனை உண்டு செரித்து எரிவாயுவை வெளியிடுகின்றன. நம் கிராமங்கள் அறிந்த சாண எரிவாயுக் கலனின் விரிந்த வடிவமே இது. ஆடு, மாடுகளின் இரைப்பையில் இவ்வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் இயல்பாகவே வாழ்கின்றன. ஆகவேதான் புதிய கலத்தைத் தொடங்கும்போது, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல், முதலில் சாணம் கரைத்து ஊற்றுகிறார்கள்.

மற்றொரு வழியும் உண்டு. ஈரம் கலந்த குப்பைக் குவியலினூடே காற்றைச் செலுத்தினால், நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டு உழைக்கும் வெப்பத்தினாலேயே குவியல் 50 பாகைக்கு மேல் சூடேறி, தன் ஈரத்தைத் தானே ஆவியாக்கி உலர்கிறது. உலர்ந்ததைப் பிரித்துத் துண்டாக்கினால் எரிபொருள் கிடைக்கும். இதனைச் சுருக்கமாக ஆர்.டி.எஃப். என்கின்றனர்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு டன் உணவுக் கழிவிலிருந்து சுமார் 100 கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். ஒரு கன மீட்டர் வாயு ஏறத்தாழ அரைக் கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் தரும். அப்படியானால், 300 கிலோ உணவுக் கழிவு என்பது, நாம் பணம் கொடுத்து வாங்கும் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஈடாகும். பெரிய வலீமா விருந்து ஒன்று முடிந்தபின் பந்தலுக்குப் பின்புறம் குவியும் எச்சில் இலைகளையும் சோற்றையும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

டில்லி சொல்லும் பாடம், இந்தூர் சொல்லும் பாடம்

இத்துணை எளிதென்றால், ஏன் எல்லா ஊர்களிலும் இது நடைபெறவில்லை என நீங்கள் வினவலாம். விடையை நம் நாட்டு வரலாறே தருகிறது.

1987-ஆம் ஆண்டில் டில்லி திமார்பூரில், டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பத்துடன் ஓர் ஆலை எழுந்தது. நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து, 3.75 மெகாவாட் மின்சாரம் ஆக்குவது அதன் நோக்கம். கோடிக்கணக்கில் செலவிட்ட அவ்வாலை சில வாரங்களே ஓடி நின்றுபோயிற்று. காரணம் என்ன? வந்து சேர்ந்த குப்பை எரியவில்லை! ஐரோப்பியர் வீட்டுக் குப்பையில் காகிதமும் அட்டையும் மிகுதி. நம் வீட்டுக் குப்பையில் சோறும் குழம்பும் காய்கறித் தோலும் மண்ணுமே மிகுதி. அதன் எடையில் பாதியளவு தண்ணீர்தான். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் 540 கிலோ கலோரி அளவு வெப்பம் வேண்டும். ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதி ஊதிக் கண் கலங்கிய நம் பாட்டிமார்கள் இந்த உண்மையைப் பொறியியல் படிக்காமலேயே அறிந்திருந்தார்கள்.

இனி மத்தியப் பிரதேசத்து இந்தூரைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்கே நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவைச் செரிக்கவல்ல ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 17,000 கிலோ எரிவாயு உற்பத்தி செய்து, நகரப் பேருந்துகளை ஓட்டுவது அதன் திட்டம். திமார்பூரில் இல்லாத எது இந்தூரில் இருந்தது? இயந்திரம் மட்டும் என்று எண்ண வேண்டாம். இந்தூர் மக்கள் பல ஆண்டுகளாகவே தத்தம் வீட்டு வாசலில் ஈரக்கழிவை வேறாகவும் உலர்கழிவை வேறாகவும் கொடுத்துப் பழகியிருந்தார்கள். ஆலை பின்னர் வந்தது. பழக்கம் முன்னரே வந்துவிட்டது.

வாசகப் பெருமக்களே! இக்கட்டுரையின் கருத்து இந்த ஒன்றுதான். குப்பையிலிருந்து ஆற்றலை மீட்பது ஆலையில் தொடங்குவதில்லை. நம் அடுப்படியில் தொடங்குகிறது. ஒரே வாளியில் மீன் செதிலையும் பால் பாக்கெட்டையும் நாம் கலந்து போட்ட அந்த நொடியிலேயே இரண்டும் கெட்டுவிடுகின்றன. மீன் செதில் உரமாகும் தகுதியை இழக்கிறது. பால் பாக்கெட் நனைந்து அழுக்கேறி எரியும் தகுதியையும் மறுவார்ப்புக்குச் செல்லும் தகுதியையும் இழக்கிறது. கலப்பதற்கு ஒரு நொடி போதும். அதனைப் பிரிக்கப் பல இலட்சம் ரூபாய் இயந்திரம் வேண்டும்; அல்லது ஓர் ஏழைத் தொழிலாளியின் வெறுங்கை வேண்டும்.

சூளைக்கு அருகில் வாழ்வோர்

ஆலத்தியூர், கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், தளவாய், கீழப்பழுவூர் எனச் சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்தது அரியலூர் மாவட்டம். அரசின் டான்செம் நிறுவனத்து ஆலை 1979-ஆம் ஆண்டிலேயே அரியலூரில் உற்பத்தி தொடங்கியது. சிமெண்ட் சூளையினுள் சுண்ணாம்புக்கல் 1,450 பாகை வெப்பத்தில் வெந்து கிளிங்கர் ஆகிறது. சுடரின் வெப்பமோ 2,000 பாகையை நெருங்கும். அந்த நெருப்பில், நன்கு உலர்த்திப் பிரித்த கழிவு நிலக்கரியின் ஒரு பகுதிக்கு மாற்றாக எரிகிறது. சாம்பலும் தனியே மிஞ்சாமல் கிளிங்கரிலேயே கலந்துவிடுகிறது. 2016-ஆம் ஆண்டில் நடுவணரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், இத்தகைய எரிபொருள் ஆலையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் உள்ள தொழிற்சாலைகள் தம் எரிபொருள் தேவையில் குறைந்தது 5 விழுக்காட்டை இதனால் நிறைவு செய்ய வேண்டுமென்று விதித்தன.

நன்மைதான். எனினும் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. சூளையில் புகுவது எதுவோ, அதைப் பொறுத்தே புகைபோக்கியில் வெளிவருவதும் அமையும். பி.வி.சி. எனும் பிளாஸ்டிக்கில் குளோரின் உள்ளது. அது சூளையின் உட்புறத்தில் படிந்து அடைப்பை உண்டாக்கும். முறையாகக் கண்காணிக்காவிடில் டையாக்சின் போன்ற நச்சுகளுக்கும் வித்தாகும். பழைய பேட்டரிகளும் விளக்குகளும் ஈயம், பாதரசம் முதலிய கன உலோகங்களைச் சுமந்து வருகின்றன. ஆலைகள் புகையை வடிகட்டுவதும், மாசு கட்டுப்பாட்டு வாரியம் அதனை அளந்து பார்ப்பதும் கடமை. அக்கடமையைக் கேட்டுப் பெறுவது சுற்றி வாழும் மக்களின் உரிமை. ஆயினும், தீங்கு தரும் பொருளை முதலில் குப்பையில் கலந்தவர் யார்? சென்னையிலோ திருச்சியிலோ பெரம்பலூரிலோ, ஒரு வீட்டின் அடுப்படியில் இருந்தவர் அல்லவா? அவர் கலந்து வீசியதன் விளைவைச் சுண்ணாம்புத் தூசியிடையே ஏற்கெனவே வாழும் கிராமத்துக் குழந்தை சுவாசிக்க நேரிடலாம். தீங்கிழைப்பதைத் தடுத்த மார்க்கம் நம்முடையது. கண்ணுக்குத் தெரியாத அண்டை வீட்டாரும் அண்டை வீட்டாரே.

ஒரு சிலர், 'சூளையில் எரிக்கிறார்கள். நாமும் தெருமுனையில் எரித்தால் என்ன?' என்று வாதிடுவர். இது மிகவும் தவறு. தெருமுனைத் தீ புகைந்து புகைந்து அரைகுறையாக எரிகிறது. சூளையின் கொடு வெப்பத்தில் சிதையும் நச்சுகள், இந்தச் சிறு தீயில் சிதையாமல், புதிதாக உண்டாகி, எரித்தவரின் குழந்தையுடைய நுரையீரலுக்கே முதலில் செல்கின்றன.

மதரஸாவில் எழுந்த வினா

இச்செய்திகளை ஒரு நாள் மதரஸா மாணவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத்! குர்பானி ஆட்டின் குடற்கழிவு நஜீஸ் அல்லவா? அதிலிருந்து வரும் வாயுவில் சமைக்கலாமா?" என்று கேட்டார். நல்ல வினா. தங்களில் சிலருக்கும் இந்த ஐயம் எழக்கூடும்.

முதலாவது, நம் வீட்டு ஈரக்கழிவில் பெரும்பகுதியான சோறு, காய்கறித் தோல், பழச் சக்கை, தேயிலைத் தூள் ஆகியவை நஜீஸே அல்ல, உண்ணத்தக்கவற்றின் மீதமே. இரண்டாவது, ஒரு பொருள் தன் இயல்பே முழுதும் மாறி வேறு பொருளாகிவிடுவதை ஃபிக்ஹு நூல்கள் 'இஸ்திஹாலா' என்று குறிப்பிடுகின்றன. ஹனஃபி மத்ஹபில், அவ்வாறு மாறிய பொருளுக்கு முந்தைய நஜீஸ் சட்டம் நீங்கிவிடுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இதன் எல்லை சுருக்கமானது; மது தானாகவே காடியாக மாறுவதும், தோல் பதனிடப்படுவதும் போன்ற சிலவற்றையே அது கொள்கிறது. எனவே சாணம், குடற்கழிவு ஆகியவற்றைப் பொறுத்தவரை தத்தம் மத்ஹபின் ஆலிம்களை அணுகித் தெளிவு பெறுவதே முறை. ஆனால், இந்த ஐயத்தைக் காரணம் காட்டி, குர்பானிக் கழிவைத் தெருவோரத்தில் வீசிவிட்டு வருவதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை! மக்கள் நடமாடும் வழியிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். பாதையில் கிடக்கும் தீங்கு தரும் பொருளை அகற்றுவதையோ ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணிக் காட்டினார்கள்.

நாம் தூய்மையில் குறைந்தவர்களல்லர். நாளொன்றுக்கு ஐந்து முறை உளூ செய்கிறோம். நம் பெண்மணிகள் வீட்டைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக வைக்கிறார்கள். ஆனால், அத்தூய்மை வாசற்படியோடு நின்றுவிடுகிறது. படியைத் தாண்டியது நம்முடையதன்று எனும் எண்ணம் எங்கிருந்து வந்தது? பூமி நமக்கு அமானிதமாகத் தரப்பட்டது என்றால், வீதியும் வெள்ளாற்றங்கரையும் அந்த அமானிதத்துள் அடங்கியவையே.

நம்மால் இயன்றவை

முதற்கண், குப்பையைக் குறைத்தல். குப்பை ஆற்றலாகிறது என்பதற்காகச் சோற்றை வீணாக்க யாருக்கும் அனுமதி கிடையாது. கீழே விழுந்த கவளத்தையும் அழுக்கு நீக்கி உண்ணுமாறு பணித்த நபியின் (ஸல்) உம்மத் நாம். ஒரு கிலோ அரிசியை விளைவிக்கச் செலவான நீரும் உழைப்பும் அதன் கழிவிலிருந்து வரும் சிறிதளவு வாயுவில் திரும்பி வந்துவிடா. மீட்பது இரண்டாந்தரம், வீணாக்காமையே முதல்தரம்.

இரண்டாவது, பிரித்தல். அடுப்படியில் ஒரு வாளிக்குப் பதில் இரண்டு வைத்தால் போதும். மக்குவது ஒன்றில்; மக்காதது மற்றொன்றில். பால் பாக்கெட்டை ஒரு கை நீரில் அலசி உலரவிட்டுப் போடலாம். பேட்டரி, பல்பு, காலாவதியான மருந்து ஆகியவற்றைத் தனிப் பையில் சேர்க்க வேண்டும். குழந்தைகளின் டயப்பர் முதலியவற்றைக் காகிதத்தில் சுற்றி, அடையாளமிட்டுத் தனியே கொடுப்பது, அதனைக் கையால் எடுக்கும் தூய்மைப் பணியாளருக்கு நாம் செய்யும் மரியாதை. உடைந்த கண்ணாடியைப் பொதியாமல் போட்டு அவர் விரலைக் கிழித்துவிட்டு, அவருக்கு ஸதகா கொடுப்பதில் என்ன சிறப்பு?

மூன்றாவது, ஜமாஅத்தின் கடமை. லப்பைக்குடிகாடு, வி.களத்தூர், பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என எங்கெல்லாம் பள்ளிவாசல் உண்டோ, அங்கெல்லாம் ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சப்படுகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளைகளையும் பைகளையும் தமிழக அரசு 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதலே தடை செய்துள்ளது. கஞ்சிக்குப் பீங்கான் கோப்பையும், வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தூக்குவாளியும் நம் முன்னோர் வழக்கமல்லவா? அதனை மீட்டெடுப்பது சட்டத்துக்கும் பொருந்தும், சிக்கனத்துக்கும் பொருந்தும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பாகவே முத்தவல்லியும் ஜமாஅத்தாரும் நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலரைச் சந்தித்து, குர்பானிக் கழிவைச் சேகரிக்கும் இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்து, ஜும்ஆவில் அறிவிக்கலாம். வசதியுள்ள பள்ளிவாசல்களும், மாணவர் விடுதியுடன் கூடிய மதரஸாக்களும், திருமண மண்டபங்களும் தம் சமையலறைக்கெனச் சிறு எரிவாயுக் கலன் ஒன்றை அமைப்பது குறித்து ஆலோசிக்கலாம். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே தன்மையுள்ள கழிவு கிடைப்பதால், இக்கலன் செவ்வனே இயங்க ஏற்ற இடம் இத்தகைய சமையலறையே. வாயு எடுத்தபின் எஞ்சும் கரைசல், தோட்டத்துத் தென்னைக்கும் வாழைக்கும் நல்லுரம்.

அன்பு நேயர்களே! நாளைக் காலை தங்கள் இல்லத்தில் வெங்காயத் தோலை எங்கே போடுகிறீர்கள் என்பதை எந்த அதிகாரியும் வந்து பார்க்கப் போவதில்லை. பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான் என்ற நம்பிக்கை உள்ளவர்களுக்கு அதுவே போதுமானது.

நம் இல்லங்களையும் வீதிகளையும் உள்ளங்களையும் தூய்மையாக்கி, அவன் தந்த அமானிதத்தைப் பேணும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.